மின்னலாலும் ஹை வோல்டேஜாலும் வீட்டுச் சாதனங்கள் போனால்: காப்பீட்டுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரே நொடியில் டிவி, ஃபிரிட்ஜ், ரவுட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து போய்விடும். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் கிளைம் போடுவோம். அங்கே வழுக்கி விழ மூன்று இடங்கள் உண்டு: சாதனத்தை ரிப்பேருக்குக் கொடுத்த பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்வது, கருகிய போர்டைக் குப்பையில் போடுவது, படிவத்தில் யோசிக்காமல் "ஷார்ட் சர்க்யூட்" என்று எழுதிவிடுவது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஐந்தும் எதுவும் நடக்கும் முன்பே முடிக்க வேண்டியவை. அவை கைவசம் இருந்தால்தான் பின்னால் வரும் படிகள் எளிதாகும்.

## 1. காரணங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மின்சாரத்தால் வரும் சேதம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காப்பீட்டில் அது நான்கு வெவ்வேறு விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாலிசியைப் படித்தால் ஒன்றும் விளங்காது.

முதலாவது மின்னல். அது உங்கள் கூரை மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவுக்குப் போகும். தெருக்கம்பியிலோ பக்கத்து மரத்திலோ விழுந்தாலும் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, ஆன்டெனா கேபிள், மண்ணுக்கடியில் மோட்டாருக்குப் போகும் வயர் என்று எந்த வழியிலும் அதிக வோல்டேஜ் வீட்டுக்குள் நுழையும். நீடிப்பது மைக்ரோநொடிக் கணக்கில் மட்டுமே.

இரண்டாவது, மின் விநியோகத்தில் எழும் சர்ஜ். லைனை மாற்றி இணைக்கும்போதும், போன கரன்ட் திரும்ப வரும்போதும், பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும்.

மூன்றாவதை மின்னல் என்று தவறாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. மூன்று ஃபேஸ் விநியோகத்தில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்துவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு வரலாம். சில விளக்குகள் கண் கூசும்படி எரியும், சில மங்கும், சார்ஜர்கள் சூடாகிப் புகையும். இது நிமிடக்கணக்கில், சில வேளை மணிக்கணக்கில்கூட நிற்கும்.

நான்காவது, சாதனம் வயதாகித் தானாகவே பழுதாவது.

மின்னலைப் பெரும்பாலான வீட்டுப் பாலிசிகள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பல இடங்களில் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு தனி இணைப்பு (ஆட்-ஆன்) வாங்க வேண்டியிருக்கும். நான்காவதற்கு வீட்டுப் பாலிசி பொதுவாக எதுவும் தராது, அதற்கு வாரன்டிதான்.

## 2. பாலிசியில் இந்த வரிகளைத் தேடுங்கள்

விளம்பரத் தாளையோ ஏஜென்ட் அனுப்பிய சுருக்கத்தையோ நம்ப வேண்டாம். விதிமுறைகள் முழுவதும் அச்சான நீண்ட ஆவணத்தைத் திறந்து தேடுங்கள்.

மின்னல் என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். எவை சேர்ந்தவை என்ற பகுதியில் அது இருப்பதைக் கண்டதும் நிம்மதியாகப் பாலிசியை மூடிவிடுவது வழக்கமான பிழை. விலக்குகள் பகுதியிலும் தேடுங்கள். அதிக வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், ஆர்க்கிங் (இடைவெளியில் தீப்பொறி பாய்வது), தானாகச் சூடேறுதல், மின்கசிவு ஆகியவற்றால் மின்சாதனத்துக்கே ஏற்படும் சேதத்தை விலக்கிவிட்டு, "எக்காரணத்தால் ஆனாலும், மின்னல் உட்பட" என்று முடியும் ஒரு விதி சில தீக்காப்பீட்டு வகைப் பாலிசிகளில் உண்டு. அப்படி இருந்தால், மின்னலால் டிவி தீப்பற்றி அறை எரிந்தால் அறைக்குப் பணம் கிடைக்கும், டிவிக்குக் கிடைக்காது. முன்பக்கம் கொடுத்ததைப் பின்பக்கம் எடுத்துக்கொள்ளும் இந்த ஒரு வரிக்காகவே முழு ஆவணத்தையும் படிக்க வேண்டும்.

மின்னணுப் பாகங்கள், சர்க்யூட் போர்டு, சிப் ஆகியவற்றுக்குத் தனி விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்றைய வாஷிங் மெஷினிலும் ஏசியிலும் முதலில் போவது போர்டுதான். அதை விலக்கிவிட்டால் மிச்சம் இருப்பது தகரமும் மோட்டாரும்.

உங்கள் பங்காகக் கழிக்கப்படும் தொகை எவ்வளவு, அது ஒவ்வொரு சம்பவத்துக்கா ஒவ்வொரு பொருளுக்கா என்பதைக் குறித்து வையுங்கள். பொருளுக்குப் பொருள் கழித்தால் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் போன்ற சிறிய சாதனங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது.

தெரிவிக்க வேண்டிய கெடு, தொழிலுக்குப் பயன்படும் கணினிக்கான உச்சவரம்பு, கெட்டுப்போகும் ஃபிரீசர் உணவு, அழிந்த தரவை மீட்கும் செலவு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். தரவு மீட்புச் செலவு பெரும்பாலும் வெளியேதான் நிற்கும்.

விலக்கு இருந்தால், அதை நீக்கும் கூடுதல் இணைப்பு உண்டா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் "கவர் ஆகும் சார்" என்று சொன்னதைப் பின்னால் யாரிடமும் காட்ட முடியாது.

## 3. கட்டடக் கணக்கா, பொருள் கணக்கா?

வீட்டுப் பாலிசியில் இரண்டு தொகுதிகள் உண்டு. சுவருக்குள் ஓடும் வயரிங், மெயின் போர்டு, பதித்து வைத்த மோட்டார், கூரை சோலார் ஆகியவை பொதுவாகக் கட்டடத்தில் வரும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய டிவி, ஃபிரிட்ஜ், கணினி ஆகியவை பொருட்களில் வரும். சுவரில் மாட்டிய ஏசியை ஒரு நிறுவனம் கட்டடத்தில் வைக்கும், இன்னொன்று பொருளில் வைக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கு டிவிக்குப் பணம் வராது. வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். வயரிங் சேதம் வீட்டுக்காரரின் பாலிசியில் வரும்.

அடுத்து காப்புத் தொகை. பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துச் சொல்வது பின்னால் கையைக் கடிக்கும். பொருட்களின் உண்மை மதிப்பு 5,00,000, நீங்கள் எடுத்த காப்பு 3,00,000 என்று வையுங்கள். குறைகாப்பு விதி இருக்கும் பாலிசியில் 40,000 நட்டத்துக்கு ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 24,000 மட்டுமே கணக்காகும். நட்டம் காப்புத் தொகைக்குள்தானே இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

புதுப்பொருள் விலையைத் தரும் பாலிசியா, தேய்மானம் கழித்துத் தருவதா என்பதையும் இப்போதே பாருங்கள். பழைய சாதனங்கள் அதிகம் உள்ள வீட்டில் பெரிய வித்தியாசம் இதில்தான் வரும்.

## 4. பொருள் பட்டியலைத் தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு படங்கள் போதும்: அறையில் இருக்கும் நிலையில் ஒன்று, பின்பக்கம் ஒட்டிய மாடல் எண், சீரியல் எண் தெரியும்படி ஒன்று. கூடவே வாங்கிய பில். வெப்பத்தாளில் அச்சான பில் சில வருடங்களில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே படமெடுங்கள்.

மெயின் போர்டு, எர்த் இணைப்பு, சர்ஜைத் தடுக்கும் சாதனமான சர்ஜ் புரொடெக்டர் ஆகியவற்றையும் படமெடுத்து வையுங்கள். முறையான வயரிங் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

இவை எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் மட்டும் சேமிக்காதீர்கள். மின்னலில் போவது அந்தக் கணினியாகவே இருக்கலாம். உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்தாலும் போதும்.

## 5. பாதுகாப்புச் சாதனத்தைச் சரியாகப் பொருத்துங்கள்

சில பாலிசிகள் சர்ஜ் பாதுகாப்பை நிபந்தனையாகவே வைத்திருக்கும். நிபந்தனை இல்லாவிட்டாலும், கவனமாக இருந்தவர் என்ற எண்ணத்தை அது கிளைமில் உண்டாக்கும்.

ஓவர்லோடில் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். அது இயங்க மில்லிநொடிகள் ஆகும், சர்ஜ் மைக்ரோநொடிகளில் கடந்துவிடும். மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.டி.யும் இதற்கு உதவாது.

சர்வதேச மின்தர அமைப்பான ஐ.இ.சி.யின் 61643-11 தரத்தில் சர்ஜ் புரொடெக்டருக்கு மூன்று வகைகள் உண்டு. கூரையில் இடிதாங்கி இருந்தாலோ, மேலே செல்லும் கம்பி வழியாக மின்சாரம் வந்தாலோ மெயின் போர்டில் டைப் 1 வேண்டியிருக்கும். சாதாரண வீட்டு மெயின் போர்டுக்கு டைப் 2. டிவி, கணினி அருகே பிளக்கில் போடுவது டைப் 3. இதை மட்டும் தனியாகப் போட்டால் பலன் குறைவு, ஏனென்றால் முன்னால் நின்று பெரிய அடியை வாங்க ஆள் இல்லை.

பொருத்தும்போது எலக்ட்ரீஷியன்கள் செய்யும் பிழை வயரின் நீளம். ஃபேஸிலிருந்து புரொடெக்டருக்கும், அங்கிருந்து எர்த் கட்டைக்கும் போகும் வயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்னல் வேகத்தில் ஏறும் மின்னோட்டத்தில் ஒரு மீட்டர் வயர்கூட ஏறத்தாழ 1,000 வோல்ட்டைச் சேர்த்துவிடும். வயரை அழகாகச் சுற்றி வளைத்துக் கட்டினால், புரொடெக்டர் இருந்தும் டிவி போகும்.

எர்த் சரியில்லை என்றால் இவை அனைத்தும் வெறும் அலங்காரம்தான்.

நியூட்ரல் அறுந்து வரும் நீண்ட ஹை வோல்டேஜை சர்ஜ் புரொடெக்டரால் தாங்க முடியாது, அதுவே சூடாகிக் கருகும். அதற்கு, வோல்டேஜ் எல்லை தாண்டியதும் இணைப்பைத் துண்டிக்கும் தனி ரிலே வேண்டும்.

புரொடெக்டரின் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருந்தால் அது வேலை முடித்துவிட்டது. மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

## 6. இடி கேட்கும் நேரத்தில்

வானிலை எச்சரிக்கை வந்தவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. அதனுள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டும். ஆன்டெனா கேபிள், லேன் கேபிள், தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு ஆன்டெனாவை விட்டதால் போன டிவிகள் ஏராளம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிகளுக்குக் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதன்பிறகு வயர்களைத் தொட வேண்டாம். டிவி போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழித்துப் போய்ப் பாருங்கள்.

## 7. சேதம் நடந்த முதல் மணி நேரம்

மெயினை அணையுங்கள். கருகிய வாடை வந்தாலோ சுவர் வெதுவெதுப்பாக இருந்தாலோ தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். உள்ளே வயர் புகைந்துகொண்டிருக்கலாம்.

"ஒருவேளை ஓடுமோ" என்று சாதனங்களை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அரைகுறையாகப் பிழைத்த போர்டு இரண்டாவது முறை மொத்தமாகக் கருகும். முதல் சேதத்துக்கும் பிறகு நீங்கள் உண்டாக்கியதற்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. மேலும் சேதமாகாமல் பார்த்துக்கொள்வது பாலிசியில் உங்கள் கடமையும்கூட.

தேதியையும் நேரத்தையும் நிமிடம் வரை குறித்து வையுங்கள். மின்னல் விழுந்த இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்யும் உணர்கருவி வலையமைப்புகள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் அந்தத் தரவோடு உங்கள் நேரத்தை ஒப்பிடலாம். "நேற்று ராத்திரி" என்று எழுதினால் பொருத்திப் பார்க்க வழியில்லை. சோலார் இன்வெர்ட்டரின் பதிவு, சிசிடிவி நின்றுபோன கணம், மின்தடை பற்றி வந்த குறுஞ்செய்தி ஆகியவை நேரத்துக்கு நல்ல சாட்சிகள்.

அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் என்ன போனது என்றும் கேளுங்கள். நாலு வீட்டில் ஒரே நிமிடத்தில் போயிருந்தால், சாதனம் பழசு என்ற வாதம் நிற்காது.

எதையும் தூக்கிப் போடாதீர்கள். கருகிய பிளக், உடைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சிவப்பு காட்டும் சர்ஜ் புரொடெக்டர் உட்பட எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகட்டும்.

## 8. முதலில் நிறுவனத்துக்கு, பிறகு மெக்கானிக்குக்கு

கெடு 24 மணி நேரமோ ஒரு வாரமோ, நீங்கள் அன்றே தெரிவியுங்கள். போன் செய்து கிளைம் எண் வாங்கி, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

பேச்சில் "இடி விழுந்துடுச்சு" என்போம். படிவத்தில் "மின்னல்" என்று எழுதுங்கள், பாலிசியில் இருக்கும் சொல் அதுதான். உங்களுக்கு உறுதியாகத் தெரியாத காரணத்தை எழுத வேண்டாம். "இரவு 9.42-க்குப் பலத்த மின்னலும் இடியும். அதே கணத்தில் கரன்ட் போனது. திரும்ப வந்தபோது இந்த ஐந்து சாதனங்கள் இயங்கவில்லை" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். ஷார்ட் சர்க்யூட் என்று எழுதினால், இரண்டாம் படியில் பார்த்த விலக்கை நீங்களே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். மின்னலே இல்லாத நாளில் மின்னல் என்று எழுதுவது அதைவிட மோசம்: பொய் என்று நிரூபணமானால் முழு கிளைமும் போகும்.

ஃபிரிட்ஜை உடனே சரிசெய்தே ஆக வேண்டும் என்றால், அனுமதியை எழுத்தில் கேளுங்கள். அனுமதி வந்த பிறகும் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மின் விநியோக நிறுவனத்திடமும் புகார் எண் வாங்குங்கள். நியூட்ரல் அறுந்ததை அவர்கள் ஒப்புக்கொண்டால் அது வலுவான ஆவணம். ஆனால் அவர்கள் ஒரு சிறு தொகையைக் காட்டி "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்டால், காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் போடாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை, தவறு செய்தவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. அதை நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளைம் அடிபடும்.

## 9. டெக்னீஷியன் ரிப்போர்ட்: கிளைம் நிற்கும் இடம்

"போர்டு டேமேஜ், மாற்ற வேண்டும்" என்று பில் புத்தகத்தில் எழுதிய ஒரு வரி ரிப்போர்ட் ஆகாது. எதனால் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

சாதனத்தைத் திறக்கும்போது கூடவே நில்லுங்கள். பவர் போர்டில் பிளக் வயர் வந்து சேரும் இடத்தில், தட்டையான வட்ட பட்டன் போல, பெரும்பாலும் நீலத்தில், ஒரு பாகம் இருக்கும். அதிக வோல்டேஜைத் தானே வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் அதுதான். அதிக வோல்டேஜ் வாங்கியிருந்தால் அது பிளந்து, சுற்றிலும் கரி தெறித்திருக்கும். பக்கத்தில் கண்ணாடி ஃபியூஸ். உள்ளே கம்பி நடுவில் மட்டும் மெல்ல உருகியிருந்தால் சாதாரண ஓவர்லோடு. கண்ணாடி முழுக்கக் கறுத்து உலோகப் பூச்சு படிந்திருந்தால் பெரும் மின்னோட்டம் ஒரே கணத்தில் பாய்ந்திருக்கிறது. உயரமான உருளை கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அது பெரும்பாலும் வயதின் அடையாளம். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் அதைத்தான் தேடுவார்.

வேரிஸ்டர் வெடித்ததை வைத்து மட்டும் மின்னல் என்று சொல்லிவிட முடியாது, நியூட்ரல் அறுந்தாலும் அது வெடிக்கும். நுழைந்த வழியைப் பாருங்கள். ரவுட்டரின் லேன் போர்ட், டிவியின் எச்.டி.எம்.ஐ., ஆன்டெனா உள்ளீடு போன்ற சிக்னல் பக்கங்கள் செத்து, பவர் பகுதி நன்றாக இருந்தால், சேதம் பெரும்பாலும் மின் விநியோகம் வழியாக வந்திருக்காது. வெளியே ஓடும் கேபிளில் மின்னல் ஏறியிருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயம்.

ரிப்போர்ட்டில் சாதனத்தின் சீரியல் எண், சோதித்த தேதி, சேதமான பாகங்களின் பெயர், நுழைந்த வழி, வயதால் ஆன பழுதின் அடையாளம் இருந்ததா, ரிப்பேர் செலவு, புதிதாக வாங்கினால் ஆகும் செலவு, கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். "வெளியிலிருந்து வந்த திடீர் அதிக வோல்டேஜால் ஆன சேதத்தோடு பொருந்துகிறது" என்ற வகையில் எழுதச் சொல்லுங்கள். பார்த்ததைத் தாண்டி எழுதச் சொல்லாதீர்கள். சர்வேயர் போன் செய்து கேட்டால் டெக்னீஷியன் தடுமாறுவார்.

வயரிங்கையும் மோட்டாரையும், இன்சுலேஷனை (வயரின் காப்பு உறையை) சோதிக்கும் 500 வோல்ட் மெகர் கருவி வைத்துச் சோதிக்கச் செய்யுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் இன்சுலேஷன் போயிருக்கிறது. சோதனைக்கு முன் மின்னணுச் சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பிழைத்தவையும் போகும். சுவருக்குள் இருக்கும் இந்தச் சேதம் பல கிளைம்களில் விடுபட்டுவிடுகிறது. ஆறு மாதம் கழித்துத் தெரிய வந்தால் சேர்ப்பது கடினம்.

## 10. சர்வேயர் வரும் நாள்

பெட்டியில் சேர்த்தவற்றையும், படங்களையும், ரிப்போர்ட்டுகளையும் பட்டியல் வரிசையிலேயே எடுத்து வையுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், யூகம் சொல்லாதீர்கள். அவர் எடுத்த குறிப்பின் நகலைக் கேளுங்கள்.

முழுத் தொகை கொடுத்தால் சேதமான சாதனம் நிறுவனத்துக்குச் சொந்தமாகலாம். அதை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பைக் கழிப்பார்கள். இரண்டு பாலிசிகள் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். ஒரே நட்டத்துக்கு இரண்டு முறை பணம் வாங்க முடியாது.

சிறிய நட்டமாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள். உங்கள் பங்கைக் கழித்து மிஞ்சும் தொகை, கிளைம் போடாததற்காக அடுத்த ஆண்டு கிடைக்கும் தள்ளுபடியைவிடக் குறைவாக இருந்தால் கிளைம் வேண்டாம்.

## 11. மறுத்தாலோ குறைத்தாலோ

எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதை எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். தேய்மானம் என்றால், சாதனம் முந்தைய நாள் வரை ஓடியதற்கான சான்றையும், ஒரே நேரத்தில் பல சாதனங்கள் போனதையும் முன்வையுங்கள். அன்று மின்னல் பதிவாகவில்லை என்றால், எந்த வலையமைப்பின் தரவு, எத்தனை கிலோமீட்டர் சுற்றளவு, எந்த நேர இடைவெளி என்று கேளுங்கள். நள்ளிரவை ஒட்டிய சம்பவங்களில் தேதி ஒருநாள் தள்ளிப்போய்த் தேடப்பட்டிருக்கலாம்.

மின்னல் இல்லை, ஹை வோல்டேஜ்தான் என்று முடிவானால், உங்கள் பாலிசியில் அதற்கான கூடுதல் இணைப்பு இருக்கும்பட்சத்தில், அதே கோப்பை அந்தப் பிரிவின் கீழ் பரிசீலிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களாக மாற்றிப் பார்ப்பதில்லை.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். அதன் பதிலோ மௌனமோ கையில் இருந்தால்தான் வெளி முறையீட்டு அமைப்புகள் பெரும்பாலும் மனுவை ஏற்கும். கடைசித் தீர்ப்பு வரும் வரை கருகிய போர்டுகள் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.